நாலு தரம் சொன்னாள்

என் மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில், ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து அவளைக் கன்னத்தில் அறைந்தேன். விடுதிக்குப் போக மாட்டேன் என்று நிழற்குடைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். வேலூர் பஸ் கிளம்பப் போகிறது. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு மத்தியானத்துக்குள் நான் ஆம்பூரில் கம்பெனிக்குள் நுழைந்தாக வேண்டும். அரை நாள் பர்மிஷன்தான் கொடுத்திருந்தார்கள். கம்பத்தைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க மறுபடி பிடித்துக்கொண்டாள். கடைசியில் என் கையைக் கடித்தாள். நான் அறைந்தேன்.

கை தன்னால விழுந்துடுச்சு என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஓங்கித்தான் அடித்தேன்.

அவளுக்குக் காது கேட்காது. ஒன்றரை வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் எவர்சில்வர் பாத்திரம் அடுக்கியிருந்த ஸ்டாண்டு சரிந்து விழுந்து தெருவே ஓடிவந்தது. இவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெஸ்ட் எடுத்தார்கள், காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். மெஷின் மாட்டினால் லாரி ஹாரனுக்குத் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு மட்டும் ஏறவில்லை.

நான் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை செய்கிறேன். விடியற்காலை கம்பெனி பஸ் ஊருக்குள் வரும், இருட்டும் நேரத்தில் கொண்டுவந்து விடும். வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில்வே லைன் வேலைக்கு கான்ட்ராக்டில் போகிறார், வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் ஆறு வயதில் அவளைக் காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு பள்ளியில் விடுதியோடு சேர்த்தோம். எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்க் கூட்டிவருவேன், திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் விடுவேன்.

எனக்கும் அவளுக்கும் அப்போது ஏழெட்டு சைகைதான். சாப்பிடு, தூங்கு, வா, குளி, அடி வாங்குவே. அப்பா என்றால் மீசையை முறுக்க வேண்டும். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்குப் போன பிறகு அவள் கை என்னென்னவோ வேகமாக ஆடும். பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவேன். ஸ்கூலில் ஏதோ விளையாட்டு கத்துக்கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னது கூட உண்டு.

அந்த வருஷம் மழை விட்டதுக்கு அப்புறம் அவள் ஆளே மாறிப்போனாள். வீட்டுக்கு வந்தால் பாயை நனைத்தாள். அஞ்சு வயதிலேயே விட்டுப்போன பழக்கம் அது. அதட்டினேன். பாயைச் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். இன்னா இது புது கூத்து என்று பிடுங்கி வெயிலில் போட்டேன். ஒரு தரம் கையில் விரல் முட்டிகள் எல்லாம் வீங்கி நீலம் கட்டியிருந்தது. விடுதிப் பொறுப்பில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"வராண்டாவுல விழுந்துட்டா. இந்தப் புள்ளைங்களுக்கு நிதானம் கம்மி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் அந்த அம்மா. நல்ல புடவை, இடுப்பில் சாவிக்கொத்து, சிரித்த முகம். என் மகள் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். நான் நம்பிவிட்டேன். அவர் கை பட்டதும் என் மகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் நம்பினேன்.

வீட்டில் ஒரே சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டினாள். இடுப்புப் பக்கம் கையை வைத்து விரல்களைக் குலுக்குவாள். அப்புறம் ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்துக் காட்டுவாள். அப்புறம் உள்ளங்கையால் கண்ணை மூடுவாள். முகத்தைப் பார்த்தால் ஏதோ அவசரம் என்று தெரியும். இடுப்பில் குலுக்குவது சாவி என்று மட்டும் புரிந்தது. பீரோ சாவியைக் கேட்கிறாள் போல என்று எடுத்துக் கையில் கொடுத்தேன். சுவரில் வீசி அடித்தாள். பேஜார் பிடித்த பிள்ளை என்று திட்டினேன். திட்டினது அவளுக்குக் கேட்காது, ஆனால் என் முகம் அவளுக்குப் புரியும்.

அதுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் பஸ் ஸ்டாண்டில் அறைந்தது. அன்றைக்கு அவளை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அழுகை வரவில்லை. வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் கையில் அவள் கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த வாரம் வேலையே ஓடவில்லை. புதன்கிழமை ஒரு பண்டல் முழுக்கத் தையல் ஓரம் தப்பி ஓட்டிவிட்டேன். சூப்பர்வைசர் பீஸைத் தூக்கிக் காட்டி லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். தலையைக் குனிந்துகொண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. பக்கத்து மெஷின் அக்கா.

அந்த அக்கா தோல் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குகிற மெஷினில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட. அவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. மூணு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷின். மூணு வருஷத்தில் நான் அவரிடம் பேசியது, பண்டல் வந்தால் தோளைத் தட்டிக் காட்டுவது மட்டும்தான். லைனில் எல்லோரும் அவரை ஊமையக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். வீட்டில் காது கேட்காத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் சொன்னேன்.

டீ நேரத்தில் போனில் டைப் செய்து என் முன்னால் நீட்டினார்: "நீ அழுகை. ஏன்?"

அவர் எழுதுவது அப்படித்தான் இருக்கும். சைகை வருகிற வரிசையிலேயே எழுதுவார். பழகிவிட்டால் நம் எழுத்தைவிட அது சுருக்கம். நான் டைப் செய்தேன். மகள், காது கேட்காது, விடுதி, போக மாட்டேன் என்கிறாள், அடித்துவிட்டேன். அவர் படித்துவிட்டு என்னையே பார்த்தார். உனக்கு இப்படி ஒரு மகள் இருப்பதை மூணு வருஷமாக என்னிடம் சொல்லவில்லையே என்று அந்தப் பார்வை கேட்டது. அப்புறம் எழுதினார்: "ஏன் போக மாட்டேன்? அவள் சொன்னது என்ன?"

"ஏதோ காட்டுது, எனக்குப் புரியல" என்று எழுதினேன். "சாவி மாதிரி" என்று எழுதிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக் குலுக்கினேன். மணிக்கட்டைச் சேர்த்தேன். கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "ஞாயிறு. என் வீடு. கூட்டி வா," என்று எழுதினார். பெல் அடித்துவிட்டது, எழுந்தவர் திரும்பி வந்து இன்னொரு வரி எழுதினார்: "ஞாயிறு தூரம். வெள்ளி கூட்டி வா."

அந்த வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவருகிற முறை இல்லை. உறவில் காரியம் என்று பொய் சொல்லிக் கூட்டிவந்தேன். சனிக்கிழமை காலையில் ஆம்பூரில் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். ரயில் பாதையை ஒட்டின சந்தில் மாடியில் ஒரே ரூம். என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். அந்த அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை அசைத்து ஏதோ கேட்டார். என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு தரம் கேட்டார். அவள் என் முந்தானையை விட்டாள்.

அதன் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மகள் பேசினாள். பெரிய மனுஷி மாதிரி பேசினாள். முக்கால் மணி நேரம் கை நிற்கவே இல்லை. அந்த அக்கா சிரித்தார், இவள் சிரித்தாள். ரயில் போனபோது அந்த அக்கா அவள் உள்ளங்கையை எடுத்துச் சுவரில் வைத்தார். சுவர் அதிர்ந்ததும் இவள் கண்ணை உருட்டி, அந்த ரயில் எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினாள். எனக்குப் புரிய வேண்டும் என்று அந்த அக்கா நடுநடுவே போனில் டைப் செய்து தந்தார்.

"அப்பா தூக்கம் நடித்தாள். வயிறு மேல் கீழ். மீசை ஆடும்."

"தோஸ்த் பல் விழுந்தது. பல் காணோம். சாம்பாரில் தேடினார்கள்."

"உனக்குப் பெயர் வைத்திருக்கிறாள்." ஆள்காட்டி விரலை இன்னொரு கையின் மேல் ஊசி மாதிரி டக்டக்கென்று குத்திக் காட்டினார். தையல் மெஷின். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் என்னை அந்தப் பெயரில் தெரியுமாம். எனக்குத்தான் தெரியாது.

என் மகள் தமாஷ் பேசுகிறவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷம் சோறு ஊட்டி, தலை பின்னி, எண்ணெய் தேய்த்து வளர்த்திருக்கிறேன். அவள் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் அந்த அக்கா மெதுவாக ஏதோ கேட்டார். என் மகள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அக்கா அவசரப்படவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

விரல்களைக் குலுக்கியது சாவி கேட்டு இல்லை. அது ஒரு ஆளின் பெயர். விடுதிப் பொறுப்பில் இருந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சாவிக்கொத்து.

அந்த அக்கா டைப் செய்து கொடுத்ததை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுத மனசு வரவில்லை. பாய் நனைத்தால் பாயைத் தலைமேல் வைத்து நிற்கச் சொல்வார்களாம். கரண்டிக் காம்பால் விரல் மேல் அடிப்பார்களாம். யாராவது ஆசிரியரிடம் சொல்லப் போனால், ரெண்டு கையையும் துப்பட்டாவால் கட்டி, பாத்ரூமில் விளக்கை அணைத்து வைத்துப் பூட்டுவார்களாம். காது கேட்காத பிள்ளையின் கையைக் கட்டினால் வாயைக் கட்டின மாதிரி. விளக்கையும் அணைத்துவிட்டால் யாருடைய பேச்சும் அதற்கு எட்டாது. அந்த அம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கடைசியில் அந்த அக்கா தயங்கினார். டைப் செய்தார், அழித்தார், மறுபடி டைப் செய்தார்.

"அம்மாவிடம் நாலு தரம் சொன்னேன் என்கிறாள். அம்மா சாவி கொடுத்தாள்."

அதுக்குக் கீழே: "அடித்தது யார் எல்லாம் கேட்டேன். சாவிக்கொத்து. சமையல் ஆள் ஒரு முறை. அம்மா. பஸ் ஸ்டாண்டு."

அந்தப் பட்டியலில் நான் மூணாவது.   அப்புறம் அந்த அக்காவிடம் போனை வாங்கி எழுதினேன்: "தப்பு என்மேலன்னு எப்படிச் சொல்றது?"

அவர் கையால் காட்டிக்கொடுத்தார். நான் மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்து செய்தேன். அவள் என் கையையே பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் எட்டி என் விரலைப் பிடித்து, மடக்க வேண்டிய விரலை மடக்கி, நேராக்க வேண்டியதை நேராக்கினாள். இப்போ சொல் என்கிற மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி சொன்னேன். தலையாட்டினாள். மன்னித்தாளா, சரியாகச் செய்தேன் என்று தலையாட்டினாளா, அது இன்னும் எனக்குத் தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். நான் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஸ்கூலை வுட்டா வேற எங்க சேர்க்கிறது? போலீஸ் கேஸ்னு போனா நம்மளால ஆவுமா?"

"ஆவுமோ ஆவாதோ. அது கையைக் கட்டிப் போட்டிருக்காங்க."

"நீ பார்த்தியா? யாரோ ஒரு பொம்பளை போன்ல எழுதிக் கொடுத்ததை வெச்சு…"

நாங்கள் பேசுவதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய்க் கொடியிலிருந்து என் துப்பட்டாவை எடுத்துவந்தாள். அவர் முன்னால் நின்று தன் மணிக்கட்டில் சுற்றிக் காட்டினாள். எத்தனை சுற்று, முடிச்சு எந்தப் பக்கம் என்று காட்டினாள். பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து காட்டினாள். அவர் எழுந்து ஓடிப்போய்த் தூக்கினார். ரொம்ப நேரம் இறக்கிவிடவில்லை.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போவல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பள்ளியில் முதல்வர் எங்களை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். "பேச வராத குழந்தை கையை ஆட்டினதை வெச்சு ஒரு பெரியவங்க மேல பழி போடலாமா?" என்றார். காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளியின் முதல்வர் சொன்னது இது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். "வாய் பேசாத புள்ளை எப்படிம்மா ஸ்டேட்மென்ட் குடுக்கும்? நீங்க சொல்றதை நான் எழுதிக்கிட்டா அது உங்க ஸ்டேட்மென்ட். அது செல்லாது."

நான் வெளியே வந்து அந்த அக்காவுக்கு மெசேஜ் போட்டேன். டார்கெட் நேரம், போனை எடுக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. பாத்ரூமுக்குள் நின்று டைப் செய்தாராம்.

"செல்லும். சைகை தெரிந்த ஆள் அவர்கள் கூப்பிடணும். சட்டம். கேள். உட்கார். எழுந்து போகாதே."

போனை அப்படியே போலீஸ்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, உள்ளே இருந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனார். இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்து, முதலில் எங்களைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "மெடிக்கலுக்கு அனுப்புங்க. குழந்தைகள் நலக் குழுவுக்கு போன் போடுங்க," என்றார். அந்த ஸ்டேஷனில் எங்களுக்கு முதலில் கிடைத்த நல்ல வார்த்தை அது.

சைகை தெரிந்த ஆளை அந்த அக்காதான் கண்டுபிடித்தார். காது கேட்காதவர்கள் வாட்ஸப் குரூப் ஒன்று இருக்கிறதாம், மாவட்டம் பூரா. அதில் போட்டதும் வேலூரிலிருந்து ஒரு பொண்ணு வந்தாள். அவளுக்குக் காது கேட்கும். அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் கேட்காது. பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே சைகை கற்றவள். குழுவில் அவளை முறைப்படி பதிந்துகொண்டார்கள். என் மகள் சொல்வதை வீடியோவில் எடுத்தார்கள். என்னை அறைக்கு வெளியே உட்காரச் சொல்வார்களோ என்று பயந்தேன். கதவுப் பக்கம் நாற்காலி போட்டு, அம்மா அங்கே இருக்கலாம், குறுக்கே பேசக் கூடாது என்றார்கள்.

குழுவில் வயதான ஒருத்தர் கேட்டார்: "இது எந்தத் தேதியில நடந்ததுன்னு தெரியுமா?"

வேலூர்ப் பொண்ணு கையால் கேட்டாள். என் மகள் யோசிக்கவே இல்லை.

"தேதி தெரியாதாம். காலையில சேமியா உப்புமா போட்ட நாளாம். அன்னிக்கு கரன்ட் இல்ல, மோட்டார் ஓடல, பக்கெட்ல தண்ணி கொண்டுவந்தாங்களாம்."

விடுதிச் சமையல் நோட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். கரன்ட் நிறுத்தின நாளோடு சேர்த்துப் பார்த்தார்கள். பொருந்தியது.

"இதையெல்லாம் இப்படிச் சொல்லணும்னு வீட்டுல யாராவது கத்துக்குடுத்தாங்களா?"

என் மகள் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். வேலூர்ப் பொண்ணுக்கு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மாவா? அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, நான்தான் அவங்களுக்குக் கத்துக்குடுக்கணும், அப்படின்னு சொல்றா."

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பல நாளைக்கு அப்புறம்.

எழுந்து வரும்போது என் மகள் நின்று அந்த வயதானவரிடம் ஒன்று கேட்டாள். மற்ற பிள்ளைகளை எப்போது கேட்பீர்கள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு" என்றார். மறுநாளே போனார்கள். வேலூர்ப் பொண்ணும் கூடப் போனாள். ஒரு பிள்ளை சொன்னதும் அடுத்தது, அதற்கு அடுத்தது என்று வரிசையில் வந்து நின்றார்களாம். பல் விழுந்த தோஸ்த்தும் சொன்னாள். அவளுடைய அப்பா காவேரிப்பாக்கத்தில் விவசாயக் கூலி. அவர் எங்கள் ஊரைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நல்ல வேலை செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடுதிப் பொறுப்பில் இருந்த அந்த அம்மாவை வேலையைவிட்டு எடுத்தார்கள். கைது செய்தார்கள், ஜாமீனில் வெளியே வந்தார். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. சில நாள் கோர்ட்டு வாசலில் அவரைப் பார்ப்பேன். அதே மாதிரி நல்ல புடவை. என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை இப்போது. முதல்வரையும் மாற்றினார்கள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் மகள் இருட்டில் இன்னும் தூங்க மாட்டாள். ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அவளை அந்தப் பள்ளிக்கு இனி அனுப்புவதில்லை என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்திருந்தோம். ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்று பார்த்தோம். ரெண்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூலுக்குப் போகணும் என்றாள்.

எந்த ஸ்கூல் என்று கேட்டேன். அதே ஸ்கூல் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அதற்குள் எனக்குச் சைகை தெரிந்திருந்தது. அவள் சொன்ன பதிலில் பாதிதான் பிடிபட்டது, மீதியை அந்த அக்கா சொன்னார். தோஸ்த் எல்லாம் அங்கே. ஊர்ப் பள்ளியில் யாருடன் பேசுவேன்? தப்பு செய்தது சாவிக்கொத்து, நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய விடுதிப் பையை எடுத்துத் தூசி தட்டினேன். 

குழு அதற்குள் பள்ளிக்கு உத்தரவு போட்டிருந்தது. பெற்றோர் எந்த நேரமும் உள்ளே போய்ப் பார்க்கலாம், விடுதியில் காது கேட்காத பெரியவர் ஒருத்தர் வேலையில் இருக்க வேண்டும், அவரிடம் பிள்ளைகள் நேராகச் சொல்ல வேண்டும் என்று. அந்த வேலைக்கு நம் அக்காவைத்தான் எடுப்பார்கள் என்று எனக்கு நினைப்பு. அவரிடம் சொன்னேன். அவர் மாட்டேன் என்று தலையை அசைத்தார்.

"நான் படிக்கும் வயது விடுதி. கை ஆட்டினால் ஸ்கேல் அடி. வாயில் பேசு என்பார்கள். மறுபடி விடுதியில் தூக்கம் வராது. எனக்கு மெஷின் பிடிக்கும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வேறொரு அம்மா வந்தார், சின்ன வயதில் அதே பள்ளியில் படித்தவர். மகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்ட பிறகு, பிள்ளைகள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று அவளிடம் கேட்டேன். கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள், கொட்டாவி. அந்த அம்மா எப்போது பார்த்தாலும் கொட்டாவி விடுவாராம். பயந்த பிள்ளைகள் அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கம்பெனியில் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா எனக்குச் சைகை சொல்லிக்கொடுப்பார். முதலில் நான் மட்டும்தான். அப்புறம் எதிர் மெஷின் பொண்ணு வேடிக்கை பார்க்க வந்தாள். ஓடுகிற மெஷின் சத்தத்தில் வாய்ப்பேச்சு கேட்காது, சைகை என்றால் நாலு மெஷின் தள்ளியும் பேசலாம் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அதிலிருந்து லைனே கற்றுக்கொண்டது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் அவரைப் பற்றியே பேசிக்கொள்வோம். "இன்னாத்துக்குடீ எல்லாம் சிரிக்கிறீங்க?" என்று அவர் கத்துவார். ஊமையக்கா என்கிற பேச்சு எந்த நாளில் நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது வெறும் அக்காதான். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு நாள் அப்படிச் சொன்னபோது லைனில் நாலைந்து பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடி சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்கு இன்னும் சைகை சரியாக வராது. விரல் தடித்துப்போன கை. வாரத்துக்கு ஒரு வார்த்தை என்று கற்றுக்கொண்டு வருகிறார். ஜோலார்பேட்டையில் ரூமில் போனைப் பார்த்துப் பழகுகிறாராம், கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்களாம். வீடியோ காலில் அவர் எதையோ சொல்ல, வேறு எதுவோ வந்து நிற்கும், மகள் கட்டிலில் உருண்டு சிரிப்பாள்.

இப்போது அவளுக்குப் பதிமூணு வயது. எங்களுக்குள் சண்டை வருகிறது. முன்னெல்லாம் வராது. வருவதற்கு வார்த்தை கிடையாது. போன வாரம் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். இடுப்பு வரைக்கும் வளர்ந்த முடி. கூடாது என்றேன். ஏன் என்றாள். அழகா இருக்கு என்றேன். தலையில் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுப்பது நீயா நானா என்றாள். ஊரில் என்ன சொல்வார்கள் என்றேன். ஊருக்கா தலை வலிக்கிறது என்றாள். நான் கையை வேகமாக ஆட்டிக் கத்தினேன். சைகையிலும் கத்தலாம், எனக்கு வந்துவிட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்காத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் நாம் எதுவும் சொல்ல முடியாது. பேச்சு முடிந்தது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே சிரித்தார். தோளைத் தொட்டுத் திறக்க வைக்கலாம்தான். தொடவில்லை. எதிரில் உட்கார்ந்தேன். அவள் பாதிக் கண்ணைத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தாள், சட்டென்று மூடிக்கொண்டாள். உதட்டோரம் சிரிப்பு. நானும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு கண்ணையும் திறந்து, சரி சொல் என்று தாடையை உயர்த்தினாள்.

தோள் வரைக்கும், என்று கையை வைத்துக் காட்டினேன்.

அவள் யோசித்தாள். என் கையைப் பிடித்துத் தோளிலிருந்து ரெண்டு விரல் அளவு மேலே தூக்கி வைத்தாள். அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.